அரசங்கன்றும் நீலப் பலகையும்

ஓர் ஊரில் பழைய தானியக் கிடங்கு ஒன்று இருந்தது. அதன் மேற்குச் சுவரின் விரிசலில் வருஷம் தவறாமல் ஓர் அரசங்கன்று முளைக்கும். எதிர்வீட்டு சீனியம்மாள் புரட்டாசி பிறந்ததும் ஏணி போட்டு ஏறி, அதை வேரோடு பிடுங்கி எறிவாள். அதன் பிறகுதான் சுவருக்கு மூச்சு வரும்.

இந்த வருஷம் தாலுகாவில் இருந்த பழைய கட்டடங்களுக்கெல்லாம் ஒவ்வொரு நீலப் பலகை வந்தது. "இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். இங்குள்ள எதைத் தொட்டாலும் சிறை" என்று, மேற்குச் சுவருக்கு முன்னால் நின்ற கிடங்கின் பலகை அதட்டியது.

புரட்டாசியில் ஏணியோடு வந்த சீனியம்மாள் பலகையைப் படித்தாள். நமக்கெதற்கு வம்பு என்று ஏணியோடு திரும்பிவிட்டாள்.

சுவர் பலகையிடம் கெஞ்சியது. "ஐயா, அவளைக் கூப்பிடுங்கள். கன்று உள்ளே வேர் விடுகிறது!"

"முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும். மேலேயிருந்து பதில் வரட்டும்" என்றது பலகை.

"எதைத் தொட்டாலும் என்றால், என்னையும்தானே?" என்று கேட்டது கன்று.

"உன்னையும்தான்."

கன்று அன்றே இரண்டு இலை விட்டது.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் சுவருக்குள் ஒரு செங்கல் நழுவியது. பிறகு இன்னொன்று. சுவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டது பலகை.

"முடிந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஐயா" என்றது சுவர். "நான் உங்கள் பக்கம்தான் சாய்கிறேன்."

பலகை குனிந்து பார்த்தது. அதன் கால்கள் இரண்டும் முழங்கால்வரை சிமென்ட்டில் இருந்தன.