ஜன்னலில் நின்றவள்

பேய்ப்படம் எடுக்க வந்த நாலு பேரையும் பார்த்தபோது, வீட்டுத் தரகர் நாறும்பூநாதனுக்குப் பேயின் மேல்தான் இரக்கம் வந்தது.

நாலும் ஒரே பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். இயக்குநர் பெலிக்ஸ், தென்காசியில் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமரா பிடித்த ஆசிக், பிணத்தைப் பார்த்தும் பழக்கதோஷத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்றான். பேயாக வந்த பெர்சிஸ், பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவள் போலிருந்தாள். பிணமாகப் படுத்த சுந்தரபாண்டி மேல் ரத்தம் என்று நன்னாரி சர்பத்தை ஊற்றியிருந்தார்கள். எறும்பு மொய்த்ததும் பிணம் எழுந்து சொறிந்தது.

"காமெடிப் பேய்ப்படம் அண்ணாச்சி" என்றான் பெலிக்ஸ் பெருமையாக.

"அதான் பார்க்குதேனே. பயமும் வரல, சிரிப்பும் வரல."

இருந்தாலும், குத்துக்கல்வலசையில் சைதூன் பீவியின் வீட்டை அவர்களுக்குப் பேசிக் கொடுத்தவரே நாறும்பூநாதன்தான். கலை மேல் உள்ள காதலால் அல்ல.

வாப்பா விட்டுப்போன அந்த வீட்டில் சைதூனுக்கும் துபாயில் இருக்கும் அண்ணன் மசூதுக்கும் பங்கு. விற்றே ஆகவேண்டும் என்று மசூது ஒற்றைக்காலில் நின்றார். விற்றால் மகள் ஹஸீபாவோடு தெருவில்தான் நிற்கவேண்டும் என்று சைதூன் மறுத்துவந்தாள். பேய் வீடு என்று பேர் விழுந்துவிட்டால் அடிமாட்டு விலைக்கு வரும். மைத்துனன் பேரில் தானே முடித்துக்கொள்ளலாம் என்பது நாறும்பூநாதன் கணக்கு.

படப்பிடிப்புக்காகச் சைதூன் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாளே பெலிக்ஸ் வெளிறிய முகத்தோடு வந்து செல்போனை நீட்டினான்.

"அண்ணாச்சி, நாங்க நாலு பேரும் முற்றத்துலதான் நின்னோம். வீட்டுக்குள்ள ஈ காக்கா கிடையாது. ஜன்னல்ல நிக்கது யாரு?"

சாரலுக்கு அந்தப்பக்கம், தலைவிரி கோலமாக ஒரு பெண். முகம் தெரியவில்லை. அசையவில்லை.

நாறும்பூநாதனுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. படமெடுக்கத் தெரியாத பயல், வீட்டுக்குள் கொடியில் கிடந்த துணியையும் சேர்த்து எடுத்திருப்பான்.

"ஏலே, உடனே இத எனக்கு அனுப்பு!"

சாயங்காலத்துக்குள் அந்த வீட்டை விலை கேட்டிருந்த அத்தனை பேர் வாட்ஸ்அப்பிலும் அவள் நின்றாள். துபாய்க்கும் போனாள்.

சைதூன் பதறிக்கொண்டு வந்தாள். "பொம்பளப்பிள்ளைய வச்சிக்கிட்டு எங்கன போவேன் அண்ணாச்சி?" துப்பட்டியால் கண்ணைத் துடைத்தாள்.

"வந்த விலைக்குத் தள்ளிரும்மா. உயிரு முக்கியம்லா?" என்றார் நாறும்பூநாதன், குரல் தழுதழுக்க. அந்தக் கூட்டத்தில் நடிக்கத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று அவருக்கு உள்ளூர ஒரு நமட்டுச் சிரிப்பு.

மசூதுக்கும் போன் போட்டார். "சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல பாய். நீங்க வந்து கையெழுத்தப் போடுங்க. எவனாவது ஏமாளியப் பிடிச்சித் தள்ளிவிட்டுருவோம்."

மசூது வந்தார். பிறந்த வீட்டில் படுக்கப் பயந்து குற்றாலத்தில் லாட்ஜில் தங்கினார். பத்திர ஆபீஸுக்குப் போனவர், தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார்.

கேள்விப்பட்டதும் நாறும்பூநாதன் சைதூன் வீட்டுக்கு ஓடினார். அவள் நிதானமாக டீ ஆற்றிக் கொடுத்தாள்.

"மசூது காக்கா அவுக பங்கையும் என் பேருக்கே எழுதிக் குடுத்துட்டாவ அண்ணாச்சி. பேய் வீட்டக் கட்டி அழ அவுகளுக்கென்ன கிறுக்கா? சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லன்னு நீங்கதான் சொன்னியளாமே."

நாறும்பூநாதன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"பெலிக்ஸ் தம்பிய ரெண்டாம் பாகமும் இங்கனயே எடுக்கச் சொல்லுங்க, இந்தத் தடவ சும்மா ஜன்னல்ல நிக்க வச்சா ஒத்துக்கிட மாட்டேன், எனக்கு ரெண்டு வசனமாவது வேணும்" என்றாள் சைதூன் பீவி.