வினோஜாவின் முதல் வியாபாரம்

“ஒரு பிடி கீரை கூட விக்கேல்லையோ?”

பயிற்சி ஆசிரியை உதயகலாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வினோஜா குனிந்த தலை நிமிரவில்லை. கொக்குவிலில் அவளுடைய வீட்டு மொட்டை மாடியில், பழைய பெயின்ற் வாளிகளிலும் உரப்பைகளிலும் வல்லாரையும் பசளிக்கீரையும் அப்படி விளைந்திருந்தன. நகரத் தோட்டத் தொழில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் இவள் அளவுக்கு விளைவித்தவர் ஒருவருமில்லை. விளைந்து என்ன பிரயோசனம்?

“விக்கேல்லை மிஸ். ஆனால் வெட்டினது எல்லாம் முடிஞ்சுது.”

“விக்காமல் எப்பிடிப் பிள்ளை முடிஞ்சது?”

“குடுத்திட்டன்.”

“சும்மாவோ?”

“ஓம் மிஸ்.”

உதயகலா மாடி விளிம்புக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள். வளர்ப்பது பாதி வேலைதான், விற்றால்தான் தொழில் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கிறாள். விற்பவர், வாங்குபவர் என்று பிள்ளைகளை நடிக்கக்கூட விட்டுப் பார்த்தாள். அன்றைக்குக் கைதட்டு வாங்கியதே இந்த வினோஜாதான். நிருஷன் என்ற பெடியன் புழுக் குத்திய வெண்டிக்காயையே ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பேசிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். இவள் என்னடாவென்றால் தானதர்மம் நடத்துகிறாள்.

“இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ளை ஒரு வியாபாரமெண்டாலும் நடந்தால்தான் பயிற்சித் திட்டத்தாலை தண்ணித் தொட்டியும் சொட்டு நீர்க் குழாயும் தருவினம். உமக்குத் தெரியுமெல்லே?”

“தெரியும் மிஸ்.”

“கிணத்தடியிலை இருந்து மாடிக்குத் தண்ணி காவிக் காவி முதுகு முறியுது எண்டு அழுதது ஆர்? நானோ?”

“நான்தான் மிஸ்.”

“பிறகு ஏன் ஒருத்தரிட்டையும் காசு கேக்கேல்லை?”

வினோஜா விரலை முறுக்கினாள்.

“வாறவை எல்லாரும் முதல்லை, நீ ஆரின்ரை பிள்ளை எண்டு கேக்கினம். சொன்னவுடனை, அப்பாவுக்கு ஒண்டுவிட்ட அக்கா எண்டினம், இல்லாட்டி அம்மாவோடை ஒரு வாங்கிலை இருந்து படிச்சனாங்கள் எண்டினம். அதுக்குப் பிறகு எப்பிடி மிஸ் காசு கேக்கிறது?”

“வாயாலைதான்.”

“வாய் வருகுதில்லை மிஸ். உன்ரை மோள் ஒரு பிடி கீரைக்கும் கை நீட்டுறாள் எண்டு அம்மாவிட்டைச் சொல்லுவினம்.”

“சொல்லட்டுமே. சொல்லுறவை வந்து உமக்குத் தண்ணி காவித் தருவினமோ? எனக்கெண்டால் விசர்தான் பிடிக்கப் போகுது. இப்ப மிச்சம் என்ன கிடக்கு?”

“மூண்டு பிடி வல்லாரை. இனி வெட்ட ஒரு கிழமை செல்லும்.”

“எடுத்துக்கொண்டு படலையடிக்கு வாரும். விக்கிறது எப்பிடி எண்டு நான் காட்டுறன். நீர் ஒண்டும் கதைக்கப்படாது, பாத்துக்கொண்டு நில்லும்.”

படலைக்கு வெளியே ஒழுங்கையில் ஒரு கதிரையைப் போட்டு, மூன்று பிடியையும் அதன்மேல் அடுக்கிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள் உதயகலா. சைக்கிளில் போன ஒருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஐந்து மணியும் தாண்டிவிட்டது. வினோஜா மதிலோடு ஒட்டி நின்று ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. வயதான ஒரு அம்மா.

“வல்லாரை என்ன விலை பிள்ளை?”

“பிடி நூறு ரூபா.”

“சந்தையிலை எண்பதுக்கு வாங்கலாமே.”

“அது மருந்தடிச்சது அம்மா. இது மருந்து படாதது. விருப்பமெண்டால் எடுங்கோ.”

உதயகலா வினோஜாவைக் கடைக்கண்ணால் பார்த்தாள். பார்த்துப் படி என்கிற பார்வை.

“சரி, மூண்டையும் தாரும்.”

அந்த அம்மா கைப்பையைத் திறந்து தாள்களை எடுத்தார். நீட்டப் போனவர் உதயகலாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“உம்மை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு. ஊர் கோப்பாயோ?”

“ஓம்.”

“ஆரின்ரை பிள்ளை?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். வல்லாரைக்கும் பெற்ற தகப்பனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த வாய் அந்தக் கேள்விக்குச் சும்மா இருக்குமா?

“செல்வரட்ணத்தின்ரை.”

“தபால்கந்தோர்ச் செல்வரட்ணமோ? ஐயோ பிள்ளை, கொப்பரும் எங்கடை அவரும் ஒண்டுவிட்ட சகோதரங்களெல்லோ. நீர் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பயத்தம்பணியாரம் முழுக்கச் சுட்டது நான்தான்.”

“சித்தியோ? சத்தியமா மட்டுப்பிடிக்கேல்லை. குறை நினைக்காதேங்கோ.”

அதற்குப் பிறகு உதயகலாவின் கை தன்பாட்டில் வேலை செய்தது. மூன்று பிடியையும் ஒரு பையில் போட்டு ஸ்கூட்டியில் கொளுவியது. சித்தி நீட்டிய தாள்களைப் பறித்து, அவருடைய கைப்பைக்குள்ளேயே திரும்பத் திணித்தது.

“காசோ? விசர்க்கதை கதையாதேங்கோ சித்தி. அப்பா அறிஞ்சால் என்னைக் கொன்று போடுவார்.”

ஸ்கூட்டி ஒழுங்கை முடக்கில் திரும்பிப் போய்விட்டது. கதிரையில் ஒரு இலைகூட மிச்சமில்லை.

உதயகலா மெல்லத் திரும்பினாள்.

மூன்று மாதத்தில் ஒருவரிடமும் காசு கேட்டறியாத வினோஜா, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“அவ உங்களுக்குத்தான் சித்தி, மிஸ். எனக்கில்லை. மூண்டு பிடி, முன்னூறு ரூபா.”