சிவப்புத் தையல்

"சிவப்பு நூல் போட்டிருக்கிற இடத்தை மட்டும் பிரிச்சிடாதீங்க சார். அம்மா கண்டிப்பா சொல்லிவிட்டாங்க."

தோள்பையை மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கல்லூரியில் படிக்கிற வயது. பையின் வார் ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்குக் கடைக்கு மேலே உள்ள அறையில், ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு தோல் தைப்பார். பிழைப்புக்கு இல்லை, பிடித்துப்போய்ச் செய்வது. தெருவில் யார் பர்ஸ் வாய் பிளந்தாலும், யார் பெல்ட்டில் கொக்கி கழன்றாலும் இவரிடம்தான் வரும். வீட்டுச் செருப்பு அறுந்தால் மட்டும் அந்த ஊசிக்குக் காது கேட்காது என்பது அவர் மனைவியின் புகார்.

யார் அனுப்பியது என்று கேட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னார்கள் என்றாள்.

பையைத் திறந்து வெளிச்சத்தில் காட்டினார். மூடியின் உள்பக்கம், மூலையில், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல். மற்றதெல்லாம் பழுப்பு. அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

பழுப்பு நூல் பாதியில் தீர்ந்துபோய், கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்த சிவப்பை வைத்து முடித்த பை. அவர் தைத்த முதல் பை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கைக்குக் கொடுத்தது.

அந்தத் தங்கையோடு பேச்சுவார்த்தை நின்று, இந்தப் பெண்ணின் வயதைவிட அதிகமாகிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே ஓட்டலாம் என்று இவர் சொன்னார். செய்தால்தான் பிழைப்பார் என்று அவள் நின்றாள், கையெழுத்தும் போட்டாள். அப்பா தியேட்டரிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் முன்னால், "நீதான் கொன்னே" என்றார் இவர். அவள் திரும்பி நடந்து போனாள். பிறகு வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். கல்யாணம் ஆனதே இவருக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும்.

இப்போது நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கையேதான்.

தான் யார் என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தார். தன்னைப் பற்றி வீட்டில் என்ன சொல்லி வளர்த்திருப்பார்களோ. பையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டால்? வாயை மூடிக்கொண்டார். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலைதான். ஆனால் நேரமாகும், இருந்து வாங்கிக்கொண்டு போ என்றார்.

வாரின் பழைய தையலைப் பிரித்தார். நூலில் மெழுகு தேய்த்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்தார். குத்தூசியால் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசி போய்வர வேண்டும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னார். பேச்சு எங்கே வேண்டுமோ அங்கே திரும்பட்டும் என்று.

அம்மா புதுப் பை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டார். எவ்வளவோ சொல்லியாச்சு என்றாள். அப்புறம் கேட்டதற்கு மேலேயே சொன்னாள். அம்மா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் சமையல் அப்பாதான். அம்மா வைத்தால் ரசத்தைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்குப் போன வருஷத்திலிருந்து சர்க்கரை.

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" மருந்துக்கடைக்காரர் கேட்கலாம்; யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சொன்னாள். அதை வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பாட்டோடு போடச் சொல் என்றார்.

"யார் சொன்னாங்கன்னு கேட்டா?"

"மருந்துக்கடைக்காரர் சொன்னார்னு சொல்லு."

நூலை இழுத்து இறுக்கி, இன்னும் நாலு தையல் போட்டார். பிறகு, தலையைத் தூக்காமலே, அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று விசாரித்தார்.

"ஒரு அண்ணன் இருக்கார்."

"என்ன சொல்வாங்க அவரைப் பத்தி?"

"கோவம் வந்தா என்ன பேசறோம்னே தெரியாதாம். ஆனா தாத்தா மேல உசுரையே வச்சிருந்தாராம். வேற யார் மேல காட்டுவார், நான்தானே கிடைச்சேன்னு சொல்வாங்க."

ஊசி தப்பான ஓட்டையில் இறங்கியது. அதை உருவி எடுத்து மறுபடி போட்டார். தேவையில்லாத இரண்டு தையல் கூடுதலாகவே போட்டார். முடிச்சைத் தட்டி அமுக்கினார். ஓரத்தைத் துணியால் தேய்த்தார். அப்புறம் தேய்க்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"திரும்பவும் விட்டுதுன்னா கொண்டு வாம்மா" என்றார். விடாது என்று அவருக்கே தெரியும்.

அவள் கதவுவரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா எதிர்ல பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்திருக்காங்க, மாமா. மேல வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் அவளைத் தாண்டிப் பாதிப் படி இறங்கியிருந்தார்.