என்ன முறை

தங்கச்சி போனில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அக்கா, குகன் மச்சான் போயிட்டார். விடிய நெஞ்சு நோகுதெண்டவர். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிஞ்சுது."

கேட்டவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பெர்கனில் மழை. ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை.

ஒலாவ் மீன் கழுவிக்கொண்டிருந்தான். நோர்வேக்காரன். பதினோரு வருடமாக அவளுடைய கணவன். அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று கேட்டான்.

"ஊரில் ஒரு ஃபெத்தர் இறந்துவிட்டார்," என்றாள் அவன் மொழியில்.

அந்த மொழியில் சொல் அது ஒன்றுதான். பெரியப்பா மகனும் ஃபெத்தர், மாமா மகனும் ஃபெத்தர். அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவனும், உனக்குத்தான் இவன் என்று ஊரே சொல்லி வைத்தவனும் அதற்குள் ஒன்றாக நிற்பார்கள்.

கலியாணமான புதிதில் அந்தச் சொல் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. குகனைப் பற்றி அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமாவின் மகன். சண்டை கிட்ட வந்தபோது, நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன் என்று அவளை அனுப்பி வைத்தவன்.

வரவில்லை. தாயை விட்டு வர முடியவில்லை. கலியாணமும் கட்டவில்லை.

ஒலாவ் ஈரக் கையால் அவள் தோளைத் தொட்டான். பிறகு மீனிடம் திரும்பிப் போனான். ஒரு ஃபெத்தருக்கு அவ்வளவு போதும்.

மகள் ஈவா மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள்.

"அம்மா, அவர் எனக்கு மாமாவா? சுதன் மாமா மாதிரி?" தமிழில் கேட்டாள்.

சுதன், அம்மாவின் பெரியப்பா மகன். அம்மாவுக்கு அண்ணா என்றால் பிள்ளைக்கு மாமா.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு என்ன தெரியும்.

வாய் வரவில்லை. செத்துக் கிடக்கிறவனை அண்ணாவாக்க அவளால் முடியவில்லை.

"இல்லை," என்றாள். "உனக்கு அவர் பெரியப்பா."

"பெரியப்பா அப்பாவின்ர அண்ணா எல்லோ?"

"ஓம். அம்மாவின்ர மச்சானும் அந்த முறைதான்."

குழாய்ச் சத்தம் நின்றது.

ஒலாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். சாப்பாடு. வா. போதும். மகள் தன்னைக் கூப்பிடுகிற 'அப்பா'. இறந்தவனைச் சொன்னபோதும் அந்த 'அப்பா' அவன் காதில் விழுந்திருந்தது.

அவன் கையைத் துடைத்தான். அவளுக்கு எதிரே கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"செத்தவீட்டுக்கு நீ போகவேண்டும், இல்லையா?" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.