மூன்றாவது மகள்

லியென் மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பால்குடி மறக்காத வயசில் பிரான்சுக்குத் தத்துப் போன பிள்ளை, நெடுநெடுவென்று வளர்ந்து திடுமென வாசலில் வந்து நின்றால் எந்தத் தாய்தான் அழமாட்டாள்?

இந்த மழைக்காலத்தில் இது அவளுக்கு மூன்றாவது மகள்.

மீ தோ ஊர்ச் சந்தையில் லியென் விற்பது சின்ன வெங்காயம். உரித்த விரலால் இமையோரம் ஒரு தடவு தடவினால் போதும், கண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூன்றாம் முறை அழும்போது கண்தான் எரிகிறது. மனசு, சந்தை கலைந்த பிறகு கிடக்கும் காலிச் சாக்கு மாதிரி மடங்கிக் கிடக்கிறது.

தாயைத் தேடித் தருவது குவாங்கின் தொழில். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அவனிடம் வந்து, பெற்றவளைக் கண்டுபிடித்துக் கொடு என்பார்கள். முதலில் நிஜமாகவே தேடுவான். கிடைக்காவிட்டால் என்ன செய்வான்? கடைக்கு வந்த வாடிக்கையை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நேரே லியென் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

"அக்கா, அழுகையைக் கொஞ்சம் அளந்து ஊத்து. போன தடவை வந்தவ மயங்கியே விழுந்துட்டா" என்று அவன் பல்லிடுக்கில் முணுமுணுத்தான். வேகமாகப் பேசினால் வந்தவளுக்குப் புரியாது.

"அப்ப நீயே அழேன். தாடியோட ஒரு அம்மா கிடைச்சான்னு சந்தோஷப்படட்டும்."

குவாங் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனான்.

வந்தவள் பெயர் மெலனி. வகுப்பில் படித்த மொழியை ஒவ்வொரு சொல்லாகத் தராசில் வைத்து எடுப்பதுபோல் பேசினாள். லியென் வழக்கமான சரக்கை அவிழ்த்துவிட்டாள். வெள்ளம் வந்தது, வீடு போனது, புருஷன் ஓடினான், கைக்குழந்தையைக் கன்னிமாடத்து வாசலில் விட்டாள்.

முந்தைய இரண்டு பேரும் "ஏன் என்னை விட்டே?" என்று கேட்டு உலுக்கி எடுத்தார்கள். இவள் எதுவுமே கேட்கவில்லை. விலையே கேட்காமல் நிற்கும் ஆளைக் கண்டால் லியெனுக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

"சாப்பிடறியாடி?"

"நானே எடுத்து வைக்கிறேன்."

மெலனி அடுக்களைக்குள் போனாள். தேடிப் பிடித்து ஒரு முட்டையை அவித்தாள். பாயில் மூன்று கிண்ணம் சோறும், லியென் வறுத்து வைத்திருந்த மீனும் வைத்தாள். ஒன்று குவாங்குக்குப் போலிருக்கிறது என்று லியென் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது கிண்ணத்துச் சோற்றின் மேல் முட்டையை உரித்து வைத்து, சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் அதில் செங்குத்தாக நட்டாள் மெலனி.

பட்டென்று அவள் புறங்கையில் ஒன்று விழுந்தது.

"அடி கழுதை! செத்தவங்களுக்குப் படைக்கறதுடி இது! உசுரோட இருக்கறவன் திங்கற சோத்துல யாராவது இப்படிக் குச்சி நடுவாங்களா? விளங்குமா வீடு?"

குச்சிகளைப் பிடுங்கிய பிறகுதான் லியென் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முள்கரண்டியால் தின்று வளர்ந்தது, பாவம். எங்கேயோ படத்தில் பார்த்து அழகென்று நட்டிருக்கும்.

மெலனி கையைத் தடவிக்கொண்டாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் கண் கலங்கியது. ஆனால் உதட்டில் சிரிப்பு.

"வலிக்குதா?"

"இல்ல. என்னை வளர்த்த வீட்டுல எல்லாரும் ரொம்ப நல்லவங்க. எதை உடைச்சாலும், பரீட்சையில தோத்தாலும், 'பரவாயில்ல கண்ணு'ன்னுடுவாங்க. யாரும் என்னைக் கழுதைன்னு சொன்னதே இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"போடி கழுதை."

கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள் லியென். அப்படியும் கண் எரிந்தது.

"இனிமே வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு வந்துடறேன்" என்றாள் மெலனி. "எல்லாரும் அன்னிக்கு அம்மா வீட்டுக்குத்தானே போவாங்க?"

லியென் குச்சியால் சோற்றைக் கிளறினாள். முன்னால் வந்தவர்கள் கூட நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள், அதோடு சரி. ஒரு நாள் அழுவது பிழைப்பு. வருஷா வருஷம் இந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

உண்மையைச் சொன்னால் குவாங் இனி இந்தப் பக்கம் வரமாட்டான். அது கிடக்கட்டும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஒரு வெங்காயக்காரியைத் தாயென்று நம்பித் தேடுவதையே விட்டுவிடும். பெற்றவள் எங்காவது வழிபார்த்து உட்கார்ந்திருந்தால்?

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இங்க பாருடி. என் மூஞ்சியில காறித் துப்பினாலும் சரி, சொல்லிடறேன். நான் உன்னைப் பெத்தவ இல்ல. குவாங் கூலிக்குப் பிடிச்ச ஆளு. வெள்ளமும் பொய், கன்னிமாடமும் பொய். நீ போய் அவளைத் தேடு. விட்டுடாதே."

மெலனி எழுந்திருக்கவில்லை. மீனில் முள்ளை நீக்கி, சதையை லியெனின் கிண்ணத்தில் வைத்தாள்.

"தெரியும். நானே தேடிப் போயி, பெத்தவளைக் காலையிலேயே சமாதியில பாத்துட்டுத்தான் வந்தேன். ஆறிப்போகுது, சாப்பிடும்மா."