முப்பது பேருக்கு அரிசி

அடித்துச் சாத்திக் கோபத்தைக் காட்ட இந்த வண்டிக்குள் ஒரு கதவுகூட இல்லையே என்று நினைத்தாள் எமில்டா.

இருந்த ஒரே உள்கதவு கழிவறையினுடையது. அதுவும் பிளாஸ்டிக் மடிப்புக் கதவு. ஓங்கி இழுத்தால் விசிறி மாதிரி விரிந்து பாதியில் நின்றுவிடும். காலையிலிருந்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டாள்.

வெளியே, மோட்டார் ஹோமின் படியில் உட்கார்ந்து கிறகரி தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் மொன்றியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து அவருடைய அக்கா பிலோமினம்மா.

"வாங்கோ, வாங்கோ. கடல் எங்கடை வாசலிலைதான்."

கடல் வாசலில்தான் இருந்தது. மொன்றியாலில் பாலங்களுக்குக் கீழே ஓடுகிற அதே ஆறு, வண்டியில் ஆறு மணித்தியாலத் தூரம் கிழக்கே வந்தபின் உப்பாகி, அகன்று, அலையடித்துக் கிடந்தது. வந்து ஒன்பது நாளாகியும் எமில்டா அதை ஆறுதலாக நின்று பார்க்கவில்லை. சனிக்கிழமை பார்க்கலாம் என்று வைத்திருந்தாள்.

இந்த ஒன்பது நாளில் பழகிவிட்டது. சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து மட்டம் பார்ப்பாள். தண்ணீர்க் குழாயைப் பொருத்துவாள். கழிவுக் குழாயைத் திறக்கிறபோது எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதும் தெரியும், ஒருமுறை நின்றுவிட்டதால். கிறகரிக்கு இந்த விடுமுறை முகாமின் வாசலில் வேலை. வருகிறவர்களுக்கு இடத்தின் இலக்கத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். அவளுக்குக் குளியலறைகள். பன்னிரண்டு ஷவர், எட்டுக் கழிவறை, செப்டெம்பர் வரைக்கும்.

இந்த வயதில் போய்க் கக்கூஸ் கழுவப் போகிறாயா என்று மகள் மெலனி பிரெஞ்சில் கத்தினாள். 

வண்டி வாங்கி இப்படி வர எமில்டா ஏன் ஓமென்றாள் என்று கிறகரிக்கே தெரியாது. செயின்ட்-மிஷேலில் வண்டியை விற்றவன் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து காட்டிக்கொண்டு வந்தான். கடைசியில் அடுப்பைக் காட்டினான். இரண்டே இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றும் கோப்பைத் தட்டின் அளவு. இரண்டு பேருக்கு மேல் அதில் எதையும் சமைக்க முடியாது.

"வாங்குவம்" என்றாள் அந்த இடத்திலேயே.

தொண்ணூறில் வந்தவர்கள். பதினாறு வருடமாகக் கோயிலில் எது நடந்தாலும் சோறு அவளுடையது. பெருநாள், பிள்ளைகளின் முதல் நன்மை, செத்தவர்களின் முப்பத்தோராம் நாள். எமில்டா அக்காவின் கைப்பக்குவம் என்பார்கள். ஒரு செத்தவீட்டிலும் அவள் ஒழுங்காக அழுததில்லை. மற்றவர்கள் அழுகிற நேரம் அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். சொந்த அண்ணனின் நினைவுப் பூசையிலும் பாதியில் எழும்பிப் போனாள், பருப்பு அடிப்பிடித்துவிடும் என்று.

புறப்படுமுன் ஒன்றே ஒன்றுதான் கிறகரியிடம் சொன்னாள். கோயிலின் பெரிய சோற்றுக் கிடாரத்தை உங்கள் அக்கா வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று. அவரும் தலையாட்டினார். அவளுடைய தையல் மெசினுக்கு வண்டியில் இடமில்லை என்றும் சொன்னார்.

இன்று காலை துடைப்பம் எடுக்க வண்டியின் அடிப்பெட்டியைத் திறந்தாள். பச்சைப் படங்கு ஒன்று எதையோ மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தாள்.

கிடாரம். அதற்குள்ளே பெரிய காஸ் அடுப்பு. அதற்கும் மேலே, அவளுடைய நீட்டு அகப்பை.

தேடித் தேடி அகப்பையையும் எடுத்து வந்திருக்கிறார்.

கிறகரி தொலைபேசியை நெஞ்சில் பொத்திக்கொண்டு தலையை உள்ளே நீட்டினார்.

"இஞ்சேரும், சனிக்கிழமை முப்பது பேர் வருகினமாம். எத்தினை கிலோ அரிசி கொண்டு வாறதெண்டு அக்கா கேக்கிறா. கோழியெல்லாம் அவையே வெட்டிக் கொண்டு வருவினம். நீர் அடுப்பிலை ஏத்தி இறக்கிறதுதான்."

எமில்டா இல்லையென்று தலையாட்டினாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. கையுறைகளை மாட்டினாள்.

"மூஞ்சையை நீட்டாதையும். உம்மடை அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடத்தானே அதுகள் அவ்வளவு தூரம் ஓடி வருதுகள்."

அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. உண்மையாகவே சந்தோசமாக இருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கிறகரி தொலைபேசியை மறுபடி காதில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தொலைபேசிக்குள் சொன்னார்.

"அக்கா, அண்டைக்கு அவவுக்கு வேலை போலை கிடக்கு. நான் ஒருக்கா முதலாளி மனிசியோடை கதைச்சுப் பாக்கிறன்."

எமில்டா படியிறங்கி வந்தாள். றப்பர் கையை நீட்டி, அவருடைய காதிலிருந்து தொலைபேசியை மெதுவாக எடுத்தாள்.

"மச்சாள், அண்டைக்கு எனக்கு வேலை இல்லை. லீவுதான். நீங்கள் எல்லாரும் வாங்கோ. நான் சமைக்க மாட்டன்."