சட்டை மாட்டும் சைக்கிள்

மேனேஜர் பெடலை ஒரு மிதி மிதித்தார். கிறீச்சென்று ஊரைக் கூட்டப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது.

படுக்கையறை மூலையில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள் அது. டாக்டர் சொன்னாரென்று மனைவிக்காக வாங்கியது. இரண்டே நாள் ஓட்டினாள், அப்புறம் தொடவே இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அன்றிலிருந்து அவர் சட்டைகள்தான் அதில் சவாரி. உலகத்திலேயே விலை கூடின துணி ஸ்டாண்டு என்று, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இன்று நாலு மணி வாக்கில் டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை ஏறியிருக்கிறதாம். உங்கள் மனைவிக்கு எவ்வளவு அழகாக இறங்கியிருக்கிறது, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? பிஸ்கட் டப்பாவை அலமாரி உச்சியில் ஏற்றியது யார்? அவருடைய கண்டிப்பில் இறங்கிய சர்க்கரை அது. போன தடவையே டாக்டரிடம் மார்தட்டிக்கொண்டாகிவிட்டது.

இருந்தாலும் ஆபீஸுக்குத் திரும்பாமல் நேரே வீட்டுக்கு வந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். யாரும் பார்ப்பதற்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு ஏறினார்.

முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடித்தது. சீட் அவள் உயரத்துக்கு இருந்தது.

குனிந்து பார்த்தார். பெடல் ரப்பரில் வரிகளே இல்லை, தேய்ந்து மழுங்கியிருந்தது. அச்சில் தையல் மிஷின் எண்ணெய் பளபளத்தது. சட்டைகள் மறைத்திருந்த நடுக் கம்பியில், தலைமுடி ரப்பர்பேண்டு இரண்டைப் பின்னி, போன் சொருக ஒரு குட்டித் தொட்டில். பக்கத்தில் இயர்போன் தொங்கியது.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறாள். தினமும்.

அவருக்கு அந்த இரண்டாவது நாள் ஞாபகம் வந்தது. மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தவளை, அவள் அண்ணனையே கூப்பிட்டுக் காட்டி, வண்டி எப்போது ஊர் போய்ச் சேருமாம் என்று கேட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். மறுநாள் அவர் முதல் சட்டையை மாட்டினார்.

வெட்கமாக இருந்தது. பிஸ்கட்டை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே, பையைத் தூக்கிக்கொண்டு அவள் அபார்ட்மெண்ட் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

அடித்துப்பிடித்து இறங்கிச் சட்டைகளை மாட்டினார். கோடு போட்டது மேலேயா, வெள்ளை மேலேயா? ஞாபகமில்லை. அவள் ஒவ்வொரு நாளும் எடுத்து, ஒவ்வொரு நாளும் இருந்தது இருந்தபடியே மாட்டியிருக்கிறாள். அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டு, கீழே இறங்காமல் ஒரு மாடி மேலே ஏறி, சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவி திரும்பியது. கதவு சாத்திக்கொண்டது.

சற்று நேரத்தில் அவர் போன் அதிர்ந்தது. அவள்தான்.

சாயங்காலமானால் தவறாமல் வரும் போன் அது. என்னை விட்டுவிட்டு ஒரு பொழுது இருக்கமாட்டாள் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொள்வார்.

"எங்க இருக்கீங்க? வர நேரமாகுமா?"

அந்தக் கேள்வி எதற்கென்று மேனேஜருக்கு இப்போதுதான் புரிந்தது.

"ஆமாம்மா, வேலை இழுத்துக்கிட்டே போகுது. எப்படியும் ஒரு மணி நேரம் ஆயிடும்." குரல் மாடிப்படியில் எதிரொலிக்காமலிருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்.

அப்படியா, மெதுவாகவே வாருங்கள் என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.

போனைப் பைக்குள் போட்டார். கீழே, கதவுக்குப் பின்னால், அவள் பாட்டோடு சேர்ந்து பாடுவது லேசாகக் கேட்டது.

ஒரு மணி நேரம் கழிய வேண்டும். மேனேஜர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், படி ஏறி இறங்கத் தொடங்கினார்.